நடு அடுக்கில் ஒரு சிவப்பு நூல்

திருமலைசாமி தேங்காய் வாங்கப் போனால் மூன்று காய்களைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். கடைக்காரரே ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டி "நல்ல காய்ங்க" என்று நீட்டினால் அந்தக் காயை மட்டும் வாங்கமாட்டார். பெட்ரோல் பங்கில் மீட்டரைப் பார்க்கச் சொன்னால், மீட்டரை விட்டுவிட்டுச் சொன்னவரின் கையைப் பார்ப்பார். மில் கேன்டீனில் என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, சமையல்காரர் சிரித்து மழுப்பிவிட்டார். அன்றிலிருந்து இருபத்தோரு வருஷமாக வீட்டுச் சாப்பாடுதான். அதையும் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்.

அவர் மனைவி வசுந்தரா இதைப் பற்றி உறவுக்காரர்களிடம் அவரை வைத்துக்கொண்டே சொல்வார். "பொண்ணு பாக்க வந்தப்பவே, முகத்தக் கழுவிட்டு வரச் சொல்லுங்கன்னு சொன்ன மனுசன். பவுடர் இல்லாம பாக்கணுமாம்." எல்லோரும் சிரிப்பார்கள். திருமலைசாமியும் சிரிப்பார். ஆனால் தான் கேட்டது தப்பு என்று அவர் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

அன்னூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் லேப்புக்கு அவர் பொறுப்பாளர். வயது ஐம்பத்தொன்று. மில்லில் எல்லோருக்கும் அவர் சாமியண்ணா. இந்தச் சந்தேகப் புத்தி பிறவியிலேயே வந்தது என்று சொன்னால் அது அநியாயம். தொழில் கொடுத்தது.

பாலிடெக்னிக்கில் டெக்ஸ்டைல் படித்து முடித்ததும் மில்லுக்குப் பஞ்சு வாங்கும் வேலையில்தான் சேர்ந்தார். குண்டூர், அதிலாபாத், ராஜ்கோட் என்று வருஷத்தில் பாதி நாள் ரயிலில் கழியும். பஞ்சு பேல் என்பது நூற்றெழுபது கிலோவை அழுத்தி இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பொதி. வெளியே நாலு பக்கமும் பார்க்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது அழுத்தினவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

அதிலாபாத்தில் ஒரு வியாபாரி அவருக்கு டீ கொடுத்துவிட்டு, தன் குமாஸ்தாவிடம் தெலுங்கில் சொன்னார். மூன்றாவது வரிசையில் இருப்பதை மட்டும் இந்த மதராஸிக்காரனை அறுக்கவிடாதே. திருமலைசாமியின் வீட்டில் பேசுவது தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு என்பது அந்த வியாபாரிக்குத் தெரியாது. இவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் டீயைக் கடைசி மடக்குவரை குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நல்ல தெலுங்கில், "மூன்றாவது வரிசையையே அறுங்கள்" என்றார். அறுத்தால், வெளியே இட்லி மாதிரி வெள்ளைப் பஞ்சு, நடுவில் நனைந்து மக்கிய கழிவு. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. ஒரு பொருளை அழுத்திச் சின்னதாக்குகிறார்கள் என்றால் உள்ளே எதையோ ஒளிக்கிறார்கள் என்பது அன்று அவர் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

அவருடைய சிவப்பு நூல் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். மில்லுக்கு வந்த பேல்களைக் கலவைக் கூடத்தில் பிரித்து, அடுக்கு அடுக்காகப் பார்த்துக் குப்பை பொறுக்கவேண்டும். உண்மையிலேயே பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, யாருக்கும் சொல்லாமல் ஏதாவது ஒரு பேலின் நடு அடுக்கில் ஒரு முழம் சிவப்பு நூலைச் செருகிவைப்பார். கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு டீயும் பன்னும். நூல் வரவில்லை என்றால் அந்த அணி முழுவதற்கும் காது கிழியும். இதில் தனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். போட்ட நூல் கைக்குத் திரும்பி வராமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. சிவப்பு நூல் கலந்து ஒரு மீட்டர் வெள்ளை நூல் வெளியே போனாலும் மில்லின் பேர் கெட்டுப்போகும்.

முழங்கால் தேய்ந்து ரயில் ஏற முடியாமல் போனபோது அவரை லேப்பில் உட்காரவைத்தார்கள். அங்கே ஒரு கருவி இருக்கிறது. நூல் சுற்றிய கூம்பான கோனை மாட்டினால் நூல் அதன் வழியே ஓடும், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தடிமன் எவ்வளவு என்று ஓர் எண் எழுதும். சரியான தடிமன் என்றால் நூறு. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஒரே தொகுதியாகச் சுற்றி அனுப்பும் கோன்களை லாட் என்பார்கள். ஒரு லாட்டுக்குப் பத்து லட்சம் எண்கள். ஓடிய நூல் கழிவுப் பெட்டிக்குப் போய்விடும், திரும்ப எடுத்துச் சோதிக்க முடியாது. முன்பெல்லாம் இந்த எண்களைச் சுருக்கி ஒரு பக்கத் தாளாக அனுப்பினால் போதும். போன வருஷம், மில்லின் பெரிய வாடிக்கையாளரான திருப்பூர் பனியன் கம்பெனி, சுருக்கமெல்லாம் வேண்டாம், ஒவ்வொரு எண்ணும் எங்களுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டது. இது திருமலைசாமிக்கு மிகவும் பிடித்தது. தன்னைப் போல யோசிக்கிற யாரோ அங்கே இருக்கிறார்கள் என்று நினைத்தார்.

சிக்கல் இணைய இணைப்பில் வந்தது. ஒரு நாளைய எண்களைச் சேர்த்தால் இருநூறு எம்பிக்கு மேல் வரும். ரோட்டை அகலப்படுத்தும் ஜேசிபி மாதம் இரண்டு முறை மில்லின் கேபிளை அறுக்கும். அறுந்தால் டவர் சிக்னல்தான். அதுவும் ஆடிக் காற்றில் வரும், போகும். ஃபைல் நாற்பது சதவீதம் போய் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து.

அதைச் சரிசெய்யத்தான் சஃபியா வந்தார். கோவை காந்திபுரத்தில் லாட்ஜுகளுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில், நாலே பேர் வேலை செய்யும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அவருடையது. முப்பத்தாறு வயது, தோளில் லேப்டாப் பை, அன்னூர் பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்கி நடந்தே வந்துவிட்டார். அவருடைய வாப்பா டவுன்ஹால் பக்கம் பூட்டும் தாழ்ப்பாளும் விற்கும் கடை வைத்திருந்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. பூட்டுக்கடைக்காரர் மகள் என்றால் நம்பலாம் என்று திருமலைசாமிக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. பூட்டு விற்கிறவர்களுக்குத் திறக்கவும் தெரியுமே என்று அடுத்த நிமிஷமே தோன்றிவிட்டது.

சஃபியா செய்து கொடுத்தது ஒரு வலைப்பக்கம். பிரவுசரில் திறந்து அன்றைய லாட்களின் ஃபைல்களை இழுத்துப் போட்டால், லேப்பில் இருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே ஃபைல் மடிந்து சின்னதாகிவிடும். பிறகு அனுப்பலாம். முதல் நாள் அனுப்பிப் பார்த்தார்கள். இருநூறு எம்பி இருபத்தெட்டாகி, டீ ஆறுவதற்குள் திருப்பூர் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் கோபாலசாமி கைதட்டாத குறை.

திருமலைசாமி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "ஏனுங்க அம்மணி, மீதி நூத்தியெழுபத்திரண்டு எங்கீங்க?"

"எங்கயும் போகலீங்க அண்ணா. எல்லாம் உள்ளதான் இருக்குது."

"உள்ள இருந்தா எப்படிச் சின்னதாகும்?"

"உங்க நூலு நல்ல நூலுங்க. நூறு, நூத்தியொண்ணு, நூறு, தொண்ணூத்தொம்பதுன்னுதான் வருது. எல்லாத்தயும் முழுசா எழுத வேண்டியதில்லீங்க. மொத எண்ண எழுதிப்போட்டு, ஏறுச்சு ஒண்ணு, எறங்குச்சு ஒண்ணுன்னு எழுதுனாப் போதும். அடிக்கடி வாரதுக்குச் சின்னக் குறி, எப்பவாச்சும் வாரதுக்குப் பெரிய குறி. அங்க போயி அதையே திருப்பி எண்ணாக்கிக்குவாங்க."

"பிரிக்கறது யாரு?"

"அதுவும் நம்ம புரோகிராம்தானுங்க. வெப் அசெம்பிளின்னு பேரு. ஒருக்கா எழுதிக் கம்பைல் பண்ணிப்போட்டா, இந்தப் பிரவுசர்லயும் ஓடும், அவங்க சர்வர்லயும் ஓடும். மெஷின் எதுவா இருந்தாலும் வேல ஒண்ணுதானுங்க."

திருமலைசாமிக்கு அதிலாபாத் வியாபாரியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. "அப்ப மடிக்கறதும் நீங்க, பிரிக்கறதும் நீங்க. நடுவுல பாக்கறது யாருங்க?"

"முத்திரை எண் இருக்குதுங்க அண்ணா. மடிக்கறதுக்கு முன்னால முழு ஃபைலுக்கும் ஒரு எண் போடும். பிரிச்சதுக்கப்புறம் இன்னொருக்கா போடும். ஒரு புள்ளி மாறுனாலும் ரெண்டும் ஒத்து வராது."

"அந்த முத்திரை போடறதும் உங்க ஆளுதானே?"

சஃபியா சிரித்துவிட்டார். கோபாலசாமியும் சிரித்தார். திருமலைசாமி மட்டும் சிரிக்கவில்லை, அவர் கேட்டது கேலிக்கு இல்லை.

அடுத்த மூன்று வாரம் அவர் அந்த வலைப்பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். திருப்பூரில் பிரிந்த ஃபைலில் நானூறு வரியைத் தாளில் எடுத்து அனுப்பச் சொல்லி, தன்னிடம் இருப்பதோடு ஸ்கேல் வைத்து ஒத்துப்பார்த்தார். நானூறும் ஒத்திருந்தன. அது அவர் சந்தேகத்தைக் கூட்டியது. இந்தக் கிழவன் நானூறு வரி பார்ப்பான் என்று தெரிந்து அந்த நானூறை மட்டும் பத்திரமாக வைத்திருக்கலாம் இல்லையா? ஏறுச்சு ஒண்ணு, எறங்குச்சு ஒண்ணு என்று போகிற புரோகிராமுக்கு, திடீரென்று நாலு பங்கு தடித்த இடம் வந்தால் என்ன செய்யும்? அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து இழுத்துச் சமன் செய்துவிட்டுப் போகும். தப்பை மறைத்தால்தானே சின்னதாகும். இப்படியெல்லாம் யோசித்துத் தனக்குள் ஒரு வழக்கே நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டார். சாட்சி ஒன்றுதான் பாக்கி.

ஒரு புதன்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு தயிர்சாதமும் மாங்காய்த் தொக்கும் சாப்பிட்டார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, 4417 என்ற லாட்டின் ஃபைலைத் திறந்தார். ஆறாவது கோனில், யார் கண்ணிலும் படாத நட்ட நடு இடத்தில், பத்து வரிகளை எடுத்துக்கொண்டார். அங்கிருந்த பத்து எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தார். போட்டது திரும்பி வரவேண்டும், அது அவர் கட்டுப்பாடு. பிறகு அந்தப் பத்து வரியிலும் 437 என்று அடித்தார். சேமித்தார். இழுத்துப் போட்டார். மடிந்தது, போய்விட்டது.

அவர் திட்டம் எளிமையானது. டீ நேரத்தில் திருப்பூருக்குப் போன் போட்டு, அந்த வரிகளில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்வது. நூறும் நூற்றிச் சொச்சமும் இருந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. 437 இருந்தால், சோதனைக்காகப் போட்டது என்று சொல்லிச் சரியான ஃபைலை அனுப்பிவிடலாம். அங்கேயும் தன்னைப் போல ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நாளைக்கோ மறுநாளோ நிதானமாகப் பார்ப்பார் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஃபைல் போய்ச் சேர்ந்த நிமிஷத்திலேயே ஒரு புரோகிராம் பத்து லட்சம் எண்களையும் படித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

அந்நேரம் பார்த்துக் கிடங்கிலிருந்து ஆள் வந்தது. குஜராத்திலிருந்து வந்த இரண்டு லாரிகளில் தார்ப்பாய் கிழிந்து பேல்கள் நனைந்திருக்கின்றன. திருமலைசாமி போனார். ஒவ்வொரு பேலாகக் கையை விட்டு ஈரம் பார்த்து முடித்து, மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது மேனேஜர் அறை வாசலில் கூட்டம்.

உள்ளே சண்முகப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். காரமடையிலிருந்து மில் பஸ்ஸில் வருகிறவள், கோன் சுற்றும் இயந்திரம் ஏழு அவள் பொறுப்பு. பத்தொன்பது வயதில் கலவைக் கூடத்தில் சேர்ந்து, முதல் வருஷத்திலேயே பதினோரு முறை சிவப்பு நூலைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து டீயும் பன்னும் வாங்கியவள். இப்போது இருபத்தொன்பது. அடுத்த மாதம் அவளை அந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளராகப் போடுவதாக ஆர்டர் டைப் அடித்துக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இந்த மில்லில் அந்த இடத்துக்கு இதுவரை எந்தப் பெண்ணும் வந்ததில்லை.

கோபாலசாமி திருப்பூரிலிருந்து வந்த மெயிலை அச்செடுத்த தாளை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். 4417 லாட் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆறாவது கோனில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு நாலு மடங்கு தடிப்பு. அந்த லாட் ஓடியது ஏழாம் இயந்திரத்தில். தடித்த நூல் வந்தால் தானாக வெட்டிவிடும் கருவி ஒன்று அதில் உண்டு. அடிக்கடி வெட்டினால் உற்பத்தி குறையும் என்று சிலர் அதை அணைத்துவைத்து ஓட்டுவார்கள். மில்லில் அதைவிடப் பெரிய திருட்டுத்தனம் இல்லை.

"நான் அணைக்கவே இல்லீங்க சார்," என்றாள் சண்முகப்பிரியா.

"அணைக்கலீன்னா இவ்ளோ தடிப்பு கோனுக்குள்ள எப்படீம்மா போகும்?"

வாசலில் வந்து நின்ற திருமலைசாமியைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "சாமியண்ணா, நீங்க சொல்லுங்க. பத்து வருசமா என்னயப் பாக்கறீங்க."

சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டு திருமலைசாமியின் நெஞ்சில் கனத்தது. சொல்லிவிடவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். அதில் பாதிப் பேர் அவரிடம் காது கிழியத் திட்டு வாங்கியவர்கள். "கம்ப்யூட்டர் கோளாறாவும் இருக்கலாமுங்க," என்றார்.

கோபாலசாமி யோசித்தார். "நீங்க மொதல்ல இருந்தே சொல்லீட்டுத்தான் இருக்கறீங்க. சரி, அந்தம்மாவ நாளைக்கு வரச் சொல்றேன். அதுவரைக்கும் நீ ஊட்டுலயே இரும்மா. பாத்துட்டுக் கூப்புடறோம்."

சண்முகப்பிரியா தலையாட்டிவிட்டு வெளியே போனாள். மில் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவள் டிபன் பையோடு நின்றிருந்ததை லேப் ஜன்னல் வழியாகத் திருமலைசாமி பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அன்று வீட்டில் வசுந்தரா காபி கொடுத்தார். புதுப் பாலா என்று கேட்காமல் அவர் குடித்தார். வசுந்தரா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "யாரை ஏமாத்திட்டு வந்தீங்க?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். திருமலைசாமிக்குப் புரை ஏறிவிட்டது. இவளுக்குத் தெரிந்திருக்குமோ, யாராவது போன் போட்டிருப்பார்களோ என்று மனசு ஓடியது. பிறகு தனக்குத் தானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டார். கம்ப்யூட்டர் கோளாறு என்று முடிந்தால் அந்தப் பெண் வேலைக்கு வந்துவிடுவாள். நிறுத்திய லாட்டையும் ஏற்றுக்கொள்வார்கள். தன் பேரும் நிற்கும். போவது காந்திபுரத்தில் நாலு பேர் இருக்கிற ஒரு கம்பெனியின் பேர் மட்டும்தான். அவர்களுக்கு இது இல்லையென்றால் வேறு மில். இதைப் பத்து முறை சொல்லிப் பார்த்தார். ஒரு முறைகூட நிம்மதி வரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு சஃபியா வந்தார். லேப்பில் திருமலைசாமியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். பின்னால் கோபாலசாமி நின்றார். முதலில் முத்திரை எண்களைப் பார்த்தார்கள். இங்கே மடிக்கும் முன் போட்டதும், திருப்பூரில் பிரித்த பின் போட்டதும் ஒன்றுதான்.

"இங்க இருந்து என்ன போச்சோ அதேதான் அங்க வந்துருக்குதுங்க," என்றார் சஃபியா. "மடிக்கறதுக்கு முன்னாலயே ஃபைல்ல அந்தத் தடிப்பு இருந்துருக்குது."

"அப்ப நூல்லயே இருந்துச்சுன்றீங்க," என்றார் கோபாலசாமி. சண்முகப்பிரியாவின் கதை முடிந்தது என்பது அவர் குரலில் தெரிந்தது.

"இருங்க சார், அதுவும் இல்லீங்க." சஃபியா திரையில் ஒரு சின்னப் பட்டியலைக் காட்டினார். "மெஷின் எழுதற எண்ணுல எப்பவும் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எலக்கம் இருக்கும். 101.42, 99.87ன்னு. நம்ம புரோகிராம் அத எதிர்பாத்துத்தான் மடிக்குது. அந்த அமைப்புக்குப் பொருந்தாத வரி வந்தா மடிக்காது, தூக்கியும் போடாது. அப்படியே, முழுசா, தனியா எழுதி வெச்சுக்கும். மூணு வாரமா இந்தப் பட்டியல் காலியாத்தான் இருந்துச்சு. இந்த லாட்டுல மட்டும் பத்து வரி. பாருங்க, 437ன்னு மொட்டையா."

பத்து லட்சம் எண்களும் அழுந்தி மடிந்து எங்கோ உள்ளே போயிருக்க, திருமலைசாமி அடித்த பத்து வரிகள் மட்டும் அடித்தது அடித்தபடி திரையில் வெளியே நின்றன.

"மெஷின் எழுதுனது இல்லீங்க இது. யாரோ கையால அடிச்சிருக்காங்க. ஃபைல் கடைசியா மாறுன நேரம் ஒண்ணு பதினேழு," என்றார் சஃபியா.

திருமலைசாமி சஃபியாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். தெரிந்துகொண்டுதான் பேசுகிறாளா, என் வாயாலேயே வரட்டும் என்று காத்திருக்கிறாளா என்று தேடினார். வருஷக்கணக்கில் வியாபாரிகளின் முகத்தைப் படித்தவர் அவர். அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"அண்ணா ரூம்ல இருந்திருந்தா யாரும் கிட்டயே வந்திருக்க முடியாதுங்க," என்றார் சஃபியா கோபாலசாமியிடம். "அவரு வெளிய போன நேரமாப் பாத்துத்தான் யாரோ வந்துருக்கோணும். இவரு மாதிரி ஒருத்தர எங்க ஆபீஸ்லயும் வெச்சுக்கோணும்னு நான் எங்காளுககிட்டச் சொல்லீட்டே இருப்பேன். என்னய இவரு கேட்ட கேள்வி ஒருத்தரும் கேட்டதில்லீங்க."

சஃபியா திட்டியிருந்தால் திருமலைசாமி எதிர்த்துப் பேசியிருப்பார். சந்தேகப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார், அது அவருக்குத் தெரிந்த விளையாட்டு. இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கோபாலசாமியும் அவர் தப்பிக்க ஒரு வழியைத் திறந்து வைத்தார். "ஒண்ணேகாலுன்னா சாப்பாட்டு நேரமாச்சே. கேன்டீன் போயிருப்பீங்க. அப்பத்தான் எவனோ..."

மேஜை ஓரத்தில் இருந்த டிபன் பாக்ஸை மூன்று பேரும் பார்த்தார்கள். லேப்புக்கு வந்த நாளிலிருந்து அதே மேஜை, அதே ஓரம்.

"நான் கேன்டீன் போறதில்லீங்க," என்றார் திருமலைசாமி.

"தெரியுமுங்க, நேத்து ஒருநாள்..."

"நேத்தும் போகலீங்க. இங்கதான் இருந்தேன்." அவர் சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து, கீபோர்டின் மேல் வைத்தார். "அந்தப் பத்து வரியும் நான் அடிச்சது. அதுல இருந்த நெச எண்ணுக இதுல இருக்குது. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. இந்தம்மா புரோகிராம் மேலயும் இல்ல."

கோபாலசாமிக்குச் சட்டென்று தமிழ் வரவில்லை. அவருக்கும் வீட்டு மொழியான தெலுங்கில் கேட்டார். "எதுக்கு?"

"அந்தப் பக்கம் வருதான்னு பாக்க."

சஃபியா அந்தச் சீட்டை எடுத்தார். பத்து எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். ஃபைலை மறுபடி இழுத்துப் போட்டார். பட்டியல் காலியாக வந்தது. பிறகு லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார். "வந்துருச்சுங்க அண்ணா. ஒரு புள்ளி கொறையாம." அதில் கோபம் இருந்ததா என்று திருமலைசாமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. சஃபியா அன்னூர் பஸ்ஸுக்கு நடந்து போனார். கொண்டுபோய் விடுகிறேன் என்று கோபாலசாமி சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

சண்முகப்பிரியாவுக்குப் போன் போடுகிறேன் என்றார் மேனேஜர். நானே போய்ச் சொல்லிக்கிறேன் என்று திருமலைசாமி ஸ்கூட்டரை எடுத்தார். காரமடையில் ரயில்வே கேட்டைத் தாண்டி அவள் வீடு. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மடிக்காமல். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நேத்து நான் உங்களப் பாத்துக் கேட்டப்ப, உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும் கண்ணு."

"சரிங்க. திங்கக்கெழம வாரேன்," என்றாள். உள்ளே வாங்க என்று அவள் கூப்பிடவில்லை. அந்த ஊரில் யாரும் வாசலுக்கு வந்தவரை அப்படி அனுப்புவதில்லை.

மில்லில் திருமலைசாமிக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள், வேலையை எடுக்கவில்லை. சண்முகப்பிரியாவின் ஆர்டரில் கையெழுத்தானது. மேற்பார்வையாளரான முதல் நாளே அவள் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தாள். தன் பகுதியின் கோன் சோதனைக்குப் போகிற நேரம் லேப்புக்கு வருவாள். திருமலைசாமி நாற்காலி போட்டார், அவள் உட்காரவில்லை. கருவி ஓடி, எண்கள் எழுதி, ஃபைல் மடிந்து, திருப்பூர் போய்ச் சேரும்வரை அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். முத்திரை எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொள்வாள். திருப்பூருக்குப் போன் போட்டு, அங்கே வந்த எண்ணைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப்பார்ப்பாள். பிறகு "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். வேறு பேச்சு கிடையாது.

சாமியண்ணா என்று அவள் கூப்பிடுவதும் நின்றுபோயிருந்தது. அதைக் கேட்க அவருக்கு வாய் இல்லை.

இரண்டாவது வாரம் ஒருநாள், அவர் ஃபைலைத் திறந்தபோது பின்னால் அவள் இடது பக்கமாக நகர்வது தெரிந்தது. அவருடைய தோள் திரையை மறைத்திருக்கிறது. அவளுடைய இடத்தில் தான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நகர்ந்திருப்போம் என்று அவருக்குத் தெரியும். திருமலைசாமி திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டு, திரையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.